பெலாகியா பாடிய ஆறு நிமிடம்

சினிமா இயக்குநர் கோர்பியெல், எங்கள் ஊர் பெலாகியாவுக்கு முந்நூறு ஸ்வோத்தி பணம் கடன்பட்டிருந்தார். இரண்டு வருடம் அது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான் நான். இன்று என் தச்சுப் பட்டறையில் மூன்று அறுவை இயந்திரம் ஓடுகிறது. ஊரில் நான் தீர்க்காத கணக்கு கிடையாது.

பெலாகியா ரயில்வே கேட் காவலரின் விதவை. யார் செத்தாலும் தலைமாட்டில் உட்கார்ந்து நித்திய இளைப்பாறுதலுக்குப் பாடுகிறவள் அவள்தான். பத்தொன்பது வயதில் தொடங்கி நாற்பத்தொரு வருடம். ஒரு கிண்ணம் கோஸ் சூப், ஒரு துண்டு கறுப்பு ரொட்டி. அதற்கு மேல் ஒரு காசு தொடமாட்டாள்.

அறுபத்துநாலு பனிக்காலத்தில் வூச் நகரத்திலிருந்து கோர்பியெல் தன் ஆட்களோடு படமெடுக்க வந்து இறங்கினார். ஒரு காலை அவருடைய உதவியாளன் துண்டுச்சீட்டோடு பட்டறைக்கு வந்தான்.

"எங்க நடிகர் லுட்விக் ராத்திரி மாரடைப்புல போயிட்டாருங்க. பனியில ரோடு அடைஞ்சு கெடக்கு. இங்கயே காரியத்த முடிச்சிரலாம்னு ஐயா சொன்னாரு. அளவு இதுல இருக்கு."

ஆளை அளக்காமல் நான் சவப்பெட்டி செய்த ஒரே நாள் அது. ஆனாலும் ஓர் ஆணிகூட வெளியே தெரியாது. அதுதான் நம் வேலை.

மதியம் ஊர்த்தலைவர் வீட்டுக் கூடத்தில் பெட்டியை வைத்தார்கள். மூலையில் ஒரு போர்வை தொங்கியது. விளக்கு கொஞ்சம் அதிகம். சினிமாக்காரர்கள் வழக்கம் போலும் என்று இருந்துவிட்டோம். பெலாகியா பாடினாள். அந்நிய ஊரில் நாதியற்றுச் செத்தவன் என்று, தன் வீட்டுப் பிணத்துக்குப் பாடுவதுபோல் பாடினாள். நானே அழுதேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டு முடிந்தது. போர்வைக்குப் பின்னாலிருந்து "போதும்!" என்று ஒரு குரல். பிணம் எழுந்து உட்கார்ந்தது.

"காலு மரத்துப்போச்சு. யாராவது ஒரு சிகரெட் குடுங்கப்பா."

ஊர்த்தலைவர் மனைவி ஹொனோராதா பேச்சுமூச்சில்லாமல் விழுந்தாள். நான் பிடித்திருந்த பெட்டிமூடி என் கால்மேலேயே விழுந்தது. வலி மறுநாள்தான் தெரிந்தது. பெலாகியா மட்டும் திறந்த வாய் மூடாமல் நின்றாள். போர்வையை விலக்கிக்கொண்டு கோர்பியெல் ஓடிவந்து அவள் கையில் முத்தமிட்டார். பின்னால் கேமரா.

"மன்னிச்சிருங்கம்மா. சொல்லிட்டு எடுத்திருந்தா இப்படிப் பாடியிருப்பீங்களா?"

அன்றோடு அவளை யாரும் கூப்பிடவில்லை. உயிரோடிருந்தவனுக்குச் சாவுப்பாட்டுப் பாடிய வாய், அடுத்து எந்த வீட்டில் யாரைத் தேடுமோ என்று பயம். பால்பண்ணை ஸ்தானிஸ்லாவ் செத்தபோது பக்கத்து ஊரிலிருந்து பாட்டுக்காரியை வரவழைத்தார்கள். பெலாகியா வேலிக்கு வெளியே பனியில் நின்று கேட்டுவிட்டுப் போனாள்.

கோர்பியெல் எங்கோ போய்விட்டார். வெளிநாட்டில் பரிசு, பத்திரிகை எல்லாம் அவர் முகம். அடுத்து எடுத்த படத்தை அமைச்சகம் வெளியிட விடாமல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டது என்றும் கேள்வி. இரண்டு வருடம் கழித்து, தனக்குப் பேர் வாங்கித் தந்த படத்தை எங்கள் தீயணைப்புக் கொட்டகையில் போட்டுக்காட்ட வந்தார்.

படத்தில் பிணம் எழவே இல்லை! ஆறு நிமிடம் பெலாகியாவின் முகம், குரல், அவ்வளவுதான். கொட்டகையே சிலுவை போட்டுக்கொண்டது. விளக்கு எரிந்ததும் கோர்பியெல், "இந்த ஆறு நிமிஷந்தான் எனக்குப் பரிசு வாங்கிக் குடுத்துச்சு" என்றார்.

கடைசி பெஞ்சிலிருந்து பெலாகியா எழுந்தாள்.

"பெட்டியில படுத்துக் கெடந்தாரே, அவருக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

"முந்நூறும்மா."

"எனக்கும் முந்நூறு எடுங்க."

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெலாகியாவா காசு கேட்கிறாள்?

"என்னடி இது, வெக்கங்கெட்டுப் போயி!" என்றாள் ஹொனோராதா.

"வெக்கப்பட்டுத்தான் ரெண்டு வருஷமா வீட்டுல மொடங்கிக் கெடந்தேன். செத்தவங்களுக்குப் பாடி நான் காசு வாங்கியிருக்கேனா? சொல்லு. வாங்கினா அது வேண்டுதல் இல்ல, கூத்து. அந்த ஆளு நடிச்சான், கூலி வாங்கினான். நானும் நடிச்சேன். அன்னிக்குப் பாடினது சாவுப்பாட்டே இல்ல. எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க."

இத்தனை வருடம் பஞ்சாயத்துப் பேசிய எனக்கு இது தோன்றவில்லையே!

கோர்பியெல் சட்டைப்பை, கோட்டுப்பை எல்லாம் துழாவினார். இருநூற்று நாற்பதுதான் தேறியது. மீதிக்குத் தன் ஓட்டுநரிடமே கை நீட்டினார், பரிசு வாங்கிய மனிதர்! பெலாகியா உள்ளங்கையை விரித்து, எல்லோருக்கும் தெரிகிற உயரத்தில் பிடித்தாள். அவர் ஒவ்வொரு தாளாக வைத்தார். முதலில் ஹொனோராதா வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். பிறகு பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். "இருநூத்தி அறுபது… இருநூத்தி எம்பது…" கடைசித் தாள் விழுந்தது. "முந்நூறு."