பின்விளக்கு எரிந்தது என்று அப்பா சொன்னார்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். இந்த நினைவு மலருக்கு அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி தம்பி கேட்டான். நல்லது நிறையவே இருக்கிறது, எழுதுகிறேன். ஆனால் வேறொன்று மனதில் கிடந்து அறுக்கிறது. அதையும் எழுதாமல் விடுவதாக இல்லை.

அப்பா பிறந்தது வில்லியனூருக்கு அடுத்த ஒரு சிற்றூரில், பயிர் வைத்துப் பிழைத்த குடும்பத்தில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, புதுச்சேரிக்கு வந்து, ஒரு வணிகர் வீட்டில் கார் கழுவும் வேலையில் சேர்ந்தார். கழுவிக்கொண்டே ஓட்டவும் கற்றுக்கொண்டார். பிரெஞ்சுக் கொடி இறங்கிய ஆண்டில் துரைமார் பலர் கப்பலேறினார்கள். அவர்களில் ஒருவரிடமிருந்து அப்பா அந்தக் கறுப்புக் காரை வாங்கி, ரெட்டியார்பாளையத்தில் வீடு எடுத்து, வாடகைக்கு ஓட்டினார். பிரசவ வலி என்று யாராவது கதவைத் தட்டினால் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடுவார். கோபம் மட்டும் மூக்கின் மேல் இருக்கும். காரின் மீது ஈ உட்கார்ந்தாலும் பொறுக்க மாட்டார். அந்தக் காருக்குக் கொடுத்த இடத்தை எங்களுக்குக் கொடுத்தாரா என்று அம்மாவே கேலி செய்வார்.

அந்தக் காரின் பின்விளக்குதான் எங்கள் வீட்டுக்குப் பெரிய தலைவலி. கொடி மாறிய பிறகு அதற்கேற்ற பல்பு கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. பெரிய மார்க்கெட் பக்கத்துக் கடைகளில் சென்னைப் பல்புதான் இருக்கும். அதன் அடியில் உள்ள சிறு முளைகள் பிரெஞ்சுக் காரின் ஹோல்டரில் உட்காரா. அப்பா சிவப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முளையை அரத்தால் தேய்த்து, ஹோல்டரை உப்புத்தாளால் சுரண்டி, எப்படியோ மாட்டிவிடுவார். மேடு பள்ளத்தில் ஆடி ஆடி அது சீக்கிரமே போய்விடும். மறுபடியும் மாட்டுவார்.

மாட்டி முடித்ததும், “இந்தா, பின்னால போயி நில்லு” என்று அம்மாவை அழைப்பார். வண்டியின் பின்பக்கம் மேற்குப் பார்த்து நிற்கும். மாலை வெயில் நேராக அந்தச் சிவப்புக் கண்ணாடியில் விழும். அதனால் அம்மா முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு, குனிந்து பார்த்து, “எரியுதுங்க” என்பார். அதற்குப் பிறகுதான் அப்பா காரை எடுப்பார். எங்களில் யார் போய் நின்றாலும் அவருக்குத் திருப்தி வராது.

சென்ற ஆண்டு அந்த மாலையிலும் அப்பா புதுப் பல்பு மாட்டினார். விழுப்புரம் ரயிலடியில் ஒரு கல்யாணக் கூட்டத்தை அழைக்கப் போக வேண்டும், நேரமாகிவிட்டது. அம்மா அரிசி மாவு பிசைந்துகொண்டிருந்தார். கையில் மாவுடன் வாசற்படிக்கு வந்து, அங்கிருந்தபடியே “எரியுதுங்க” என்றார். அப்பா போய்விட்டார்.

வில்லியனூர் தாண்டி, எதிரே வந்த மாட்டுவண்டிக்காக அப்பா வேகத்தைக் குறைத்திருக்கிறார். பொழுது சாய்ந்த நேரம். பின்னால் வந்த லாரி மோதிவிட்டது. காரின் பின்பக்கம் முழுவதும் நொறுங்கிப் போனதால் விளக்கு எரிந்ததா இல்லையா என்று போலீஸாருக்கும் சொல்லத் தெரியவில்லை. “ஒரே தூசிம்மா, எனக்கு ஒண்ணுமே தெரியல” என்று லாரி ஓட்டுநர் அழுதார்.

அப்பா ஆஸ்பத்திரியில் சில நாட்கள் நினைவோடு இருந்தார். அம்மா கட்டிலருகே நின்று, “வெயிலு பட்டு கண்ணாடி மின்னுச்சுங்க. நான் கிட்ட வந்து பாக்கல. எரியுதுன்னு சொல்லிட்டேன்” என்றார்.

அப்பா கண்ணைத் திறந்து, “வில்லியனூர்ல தண்ணி குடிக்க எறங்கனேன். பின்னால போயி பாத்தேன். நல்லாத்தான் எரிஞ்சுது. நீ போயி சாப்புடு” என்றார். அன்று அம்மா சாப்பிட்டார்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இந்த மலரை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டப் போகிறேன், இந்தப் பத்தியையும் கடைசிப் பத்தியையும் தவிர. ரயிலடிக்குப் போகிற அவசரத்தில் அப்பா எங்கும் நிறுத்தியதில்லை. தண்ணீர் குடிக்கவா நிறுத்தியிருப்பார்? எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் எனக்கு விருப்பமில்லை.

அப்பாவின் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அம்மா தேறி வந்தார். காரியத்தன்று பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்துகொண்டு ஒருவர், “நீதானக்கா எரியுதுன்னு சொன்ன?” என்று கேட்டார். பெயர் எழுதவில்லை, அவருக்கே தெரியும். பாயசம் இறங்கியது, கேள்வியும் இறங்கியது. அன்றிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் அம்மா வாசலுக்கு வருவதில்லை. சாமி விளக்கையும் என்னை ஏற்றச் சொல்கிறார். ஏற்றிவிட்டு வந்தால், “எரியுதா? கிட்டப் போயி பாத்தியா?” என்று கேட்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.

அப்பாவுக்காக ஓடி வந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. காரைத் தூக்கி நிறுத்திய வில்லியனூர்க்காரர்கள், ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தாதிமார், எங்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்த அண்டை வீட்டார், எல்லோருக்கும் நன்றி. ஓடிப் போயிருக்கக்கூடிய அந்த லாரி ஓட்டுநர் ஓடாமல், தன் லாரியிலேயே அப்பாவை ஏற்றிக்கொண்டு வந்தார். அவருக்கும் நன்றி.

துக்கம் கேட்க வந்தபோது நீங்கள் எல்லோரும், உங்கள் அப்பா ஒரு நாளும் பொய் பேசியவரில்லை என்றீர்கள். இன்று சாப்பிட்டுக் கை கழுவியதும் அடுப்படிப் பக்கம் போய், அதை அம்மாவிடமும் ஒருமுறை சொல்லிவிட்டுப் போங்கள்.