கடைசிச் சஹனுக்கும் முறை வைத்தவர்

நேற்று விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், மரண அறிவித்தலில், மருதமுனை ஆதம்லெவ்வையின் பெயரைச் சொன்னார்கள். ஊற்றிய தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சவூதியில் ஓர் அலுவலகத்தில் அவர் கம்பியூட்டர் அறைக்குப் பொறுப்பாளர். நான் அந்த அறையைத் துடைப்பவன். ஈரத் தரையை மற்றவர்கள் மிதித்துக்கொண்டு போவார்கள். அவர் மட்டும் காயும்வரை வாசலிலேயே நிற்பார். என்னைவிட இளையவர், அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்றே அழைப்பார்.

அலுவலகத்தின் இருபது கம்பியூட்டர் திரைக்கும் மூளை ஒன்றுதான் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை.

"கந்தூரிச் சாப்பாட்டுல ஒரு ஆள்தானே இருபது சஹனுக்கும் சோறு வைக்கிறார் காக்கா? இதுக்கு ஒரு அகப்பை, மறுகா அடுத்ததுக்கு. கை சுறுக்கா இருந்தா எல்லாரும் ஒரே நேரத்தில தின்ற மாதிரித் தெரியும்."

சஹன் என்பது பலர் கூடித் தின்னும் பெரிய தட்டு. மெஷினுக்குள் கேர்னல் என்று ஒன்று அப்படித்தான் ஒவ்வொரு வேலைக்கும் கண்ணிமைக்கும் நேரம் கொடுக்குமாம். நேரம் முடிந்ததும், விட்ட இடத்தைக் குறித்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகுமாம். எந்த வேலைக்கு முதலிடம் என்பதை அமைத்தவர் அவர்தான்.

அந்த வருடம் உம்மாவுக்கு நோய் கடுமை என்று தந்தி வந்தது. விடுமுறைக் கடதாசியை அந்த மெஷின்தான் அடித்துத் தரவேண்டும். ஐந்து நாளாகியும் வரவில்லை. மெஷினுக்குள் பார்த்த ஆதம்லெவ்வை தலையில் கை வைத்தார். நம்மூர் விருந்து வழக்கம் போல, வெளியாருக்கு முதலிடம், வீட்டாருக்குக் கடைசி என்று, எங்களைப் போன்ற வேலையாட்களின் கடதாசிகளை அடியில் வைத்திருந்தார். மேலிடத்து வேலைகளோ ஓயாமல் வந்துகொண்டிருந்தன.

"விருந்தாளி முடிஞ்சாத்தானே வீட்டார் தின்ற? இங்க முடியவே இல்ல காக்கா. என்ட பிழை."

என்னுடையதை மட்டும் தூக்கி முன்னுக்கு வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"உங்களுக்கு முந்தி மூணு பேர், பின்னால எட்டுப் பேர் நிக்காங்க. அவங்களுக்கும் உம்மா இரிக்கி."

கோபத்தில் வாளியை அங்கேயே போட்டுவிட்டு வெளியேறினேன். அவர் பகல் சோறும் தின்னாமல் இருந்து, காத்திருக்கக் காத்திருக்க ஒரு வேலையின் தரம் உயரும்படி ஒழுங்கை மாற்றினார். பின்னேரத்து அஸர் பாங்குக்கு முன் பன்னிரண்டு கடதாசிகளும் வந்தன. என்னுடையது நான்காவது. என் வாளியும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

நான் ஊர் வந்து சேர்ந்ததும், உம்மா என் கையால் மூன்று மிடறு மக்கத்து ஸம்ஸம் தண்ணீர் குடித்தார். மறுநாள் மௌத்தானார்.

நேற்று மையவாடியில் அவரை அடக்கி மண் போட நல்ல சனம். என் வயதைப் பார்த்து முன்னுக்கு வரச் சொன்னார்கள். நான் அசையவில்லை. முறை வந்ததும் மூன்று பிடி போட்டேன்.

போங்க தம்பி. நானும் வரிசையிலதான் நிக்கிறன்.