செக்போஸ்ட்டில் கிடைத்த ஸ்பேனர்

தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த எழுபதுகளின் கடைசி. மதுவிலக்கு இல்லாத காரைக்காலின் கார் என்றாலே நாகூர் எல்லை செக்போஸ்ட்டில் திருடனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது என் அம்பாசடரில் இரண்டு வாரமாக இன்ஜின் பக்கம் 'கிணுங் கிணுங்' என்று ஒரு சத்தம். நெரவி மெக்கானிக்கிடம் சர்வீஸ் முடிந்து வந்த மறுநாள் என் ஸ்பேனரைக் காணோம். சத்தமும் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. நேரே பட்டறைக்குப் போய் நாலு பேர் முன்னால் அவரைத் திருடன் என்று கத்தினேன்.

"நான் எடுக்கலைங்க. பானெட்டத் தொறங்க, என்னா சத்தம்னு பாத்துடுறேன்" என்றார்.

"இனிமே என் வண்டியத் தொடாத!" என்று கிளம்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து நாகூர் போகும்போது, செக்போஸ்ட் கான்ஸ்டபிளும் அதையேதான் கேட்டார்: "பாட்டில் சத்தமாட்டம் இருக்கு. பானெட்டத் தொறங்க சார்."

"ஆதாரம் இல்லாம ஒரு மனுஷனச் சந்தேகப்படுறதா? ஒண்ணும் இல்லன்னா நீங்க மன்னிப்புக் கேக்கணும்!" என்று குதித்தேன். பின்னால் நின்ற பஸ்ஸில் எல்லாத் தலைகளும் வெளியே நீண்டன.

பானெட்டைத் தூக்கினேன். பேட்டரிக்கும் தகரத்துக்கும் நடுவே கைவிட்டு அவர் எடுத்தது என் ஸ்பேனர். சர்வீஸ் முடிந்து வந்த அன்று சாயங்காலம், பேட்டரி ஒயரை இறுக்கிவிட்டு நானேதான் அங்கே வைத்திருந்தேன்.

"தப்பா நெனச்சிட்டேன், மன்னிச்சிக்குங்க சார்" என்று அதை என் கையில் கொடுத்தார். வெட்கங்கெட்டவன், தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

மெக்கானிக்கிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவே இல்லை. வண்டியை வேறு பட்டறைக்கு மாற்றிவிட்டேன். நெரவியைத் தாண்டும்போது மட்டும் இன்னும் வேகத்தைக் கூட்டுகிறேன்.