உட்கார்ந்தபடி நகரும் வரிசை

கதவைத் திறந்ததும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, கதவு ஆடாமலிருக்க நான் அடியில் மடித்துச் செருகியிருந்த அட்டையை உருவினாள். "இது எத்தனை நாளா இருக்கு?" என்றாள். சௌக்கியமா, சாப்பிட்டாயா எல்லாம் அதற்கப்புறம்தான். அதற்குள் கைப்பையிலிருந்து அளவு நாடா வெளியே வந்துவிட்டது. இவள் என் உடன்பிறந்த தங்கை. கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். வீட்டில் நாங்கள் வைத்த பெயர் டேப்பு.

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவள் கண் இந்த மாதிரி அட்டையைத்தான் தேடும். கதவுக்கு முட்டுக்கொடுத்த செங்கல், வெயிலுக்காகச் சன்னலில் ஒட்டிய செய்தித்தாள், எட்டாத குழாயில் கட்டிய கயிறு. தான் வரைந்து கட்டிய இடங்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் போவாள். ஒரு மூலையில் நின்று இதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொள்வாள். "அவங்களா ஏதாச்சும் கட்டி வச்சிருந்தா, நான் யோசிக்காம விட்டதை அவங்க யோசிச்சிருக்காங்கன்னு அர்த்தம்க்கா" என்பாள். அலுவலகத்தில் மற்றவர்கள் திறப்பு விழாப் படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். இவள் மேசைக்கு மேலே தொங்குவது கதவிடுக்கில் கிடக்கும் ஒரு செங்கல்லின் படம். பார்க்கிறவர்களுக்கு இவளுக்கு மறை கழன்றுவிட்டது என்று தோன்றும். எனக்கும் கொஞ்ச காலம் தோன்றியது, மறைப்பானேன்.

ஆள் ஒல்லி. எந்த உடை போட்டாலும் காலில் விளையாட்டுக் காலணிதான். நகக்கண்ணில் எப்போதும் சாக்பீஸ் தூள். காகிதத்தில் இருக்கும் படத்தை அவள் நம்ப மாட்டாள். கட்டப்போகிற அறையைத் தரையில் முழு அளவில் சாக்பீஸால் வரைந்து, அங்கே புழங்கப்போகிறவர்களை உள்ளே நடமாட விட்டுப் பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

பொது மருத்துவமனைக்குப் புதிய புறநோயாளிக் கூடம் கட்டும் வேலை வந்தபோதும் அப்படித்தான். பழைய கூடத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். சீட்டும் கையுமாக ஜனங்கள் டாக்டர் அறை வாசலில் நெருக்கியடித்து நிற்பார்கள். முறை தப்பிவிடுமோ என்ற பயம். காய்ச்சலோடு வந்தவர்களும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை இவள் ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்கு வந்தது யோசனை. சீட்டு கொடுக்கும் சன்னலிலிருந்து டாக்டர் அறைக் கதவு வரை சுவரோரமாக ஒரே நீளப் பெஞ்சு, வழவழவென்று இழைத்த மரத்தில். வருகிறவர் கடைசியில் உட்கார வேண்டும். ஒருவர் உள்ளே போனால் எல்லாரும் உட்கார்ந்தபடியே ஓர் இடம் நகர வேண்டும். மூன்று அறைக்கு மூன்று பெஞ்சு. "வரிசையே உக்காரட்டும்க்கா" என்றாள்.

வண்டி நிறுத்தும் கொட்டகையில் கூடத்தை வரைந்து, பலகைகளைப் போட்டு ஒத்திகை பார்த்தாள். நர்சுகள், காவலாளி, பெருக்குகிறவர்கள் எல்லாரும் நோயாளிகள். நான் வயிற்றுவலிக்காரி. முனகச் சொன்னாள், முனகினேன். வரிசை அழகாக நகர்ந்தது.

கட்டட வேலைக்குப் பொறுப்பான தலைமைப் பொறியாளருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. உயரமான தூண்கள், இரும்பு நாற்காலி வரிசை, அவர் கனவு அது. நம் ஜனங்களுக்கு நின்றே பழக்கம், உட்கார மாட்டார்கள் என்றார். இவள் சும்மா இருந்திருக்கலாம். கூடம் திறந்து ஒரு வாரத்துக்குள் ஜனங்கள் உட்காராவிட்டால் பெஞ்சைப் பெயர்த்துவிட்டு நாற்காலி போட்டுக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். புத்தி இருக்கிற எவளாவது இப்படி எழுதிக் கொடுப்பாளா என்று நான் கத்தினேன்.

கூடம் திறந்தது. முதல் நாள் காலை உட்கார்ந்தார்கள், நகர்ந்தார்கள். ஆனால் கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அதைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்களும் எழுந்தார்கள். மூன்றாம் நாள் பெஞ்சு காலி, வாசலில் பழையபடி கூட்டம். தலைமைப் பொறியாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மத்தியானம் இரும்பு நாற்காலிகள் லாரியில் வந்து முற்றத்தில் இறங்கின.

"அக்கா, தோத்துட்டேன் போல" என்றாள் போனில். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நாலாம் நாள் நானும் கூடப் போனேன். கதவை ஒட்டிய முதல் இடத்தில் போய் உட்கார்ந்தவள் மத்தியானம் வரை அசையவில்லை. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கதவுதான்க்கா. இங்க உக்காந்தா உள்ள யாரு போறாங்கன்னே தெரியல. தெரியலன்னா எந்திரிச்சுப் பாக்காம என்ன பண்ணுவாங்க?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். கீல் பெஞ்சுப் பக்கம் இருந்தது. திறந்தால் கதவு, உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வாசலுக்கும் நடுவே தட்டிமாதிரி நிற்கும். உள்ளே இருக்கும் நோயாளியை வெளியே இருப்பவர்கள் பார்க்கக்கூடாது என்று இவளே யோசித்து வைத்த கீல்தான் அது. கொட்டகை ஒத்திகையில் இது தெரியவே இல்லை. சாக்பீஸில் போட்ட கதவு யாரை மறைக்கும்?

நேரே தலைமைப் பொறியாளரிடம் போனாள். நாலு பேர் முன்னால், "தப்பு என்னோடது சார். ஜனங்களோடது இல்ல" என்றாள். மீதி மூன்று நாளைக் கேட்டு வாங்கினாள்.

மறுநாள் காலை கூடம் திறப்பதற்குள் தச்சர் மூன்று கதவுக்கும் கீலை எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டார். மறைவுக்கு அறைக்குள் துணித்திரை தொங்கியது. வரையும்போதே இந்தப் பக்கம் போட்டிருக்கலாமே என்று அவர் முணுமுணுத்தார். "போட்டிருக்கலாம். போடல" என்று திருப்புளியை எடுத்துக் கொடுத்தாள்.

அன்றைக்கு உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தவர்கள்தான். நகர்ந்தார்கள், கதவு திறந்தது, தலையைத் திருப்பிப் பார்த்தார்கள், உட்கார்ந்தே இருந்தார்கள். ஏழாம் நாள் நாற்காலிகள் வந்த லாரியிலேயே திரும்பிப் போயின. இப்போது வெளியூர் அதிகாரிகள் யாராவது வந்தால் தலைமைப் பொறியாளரே கூட்டிக்கொண்டு போய் "நம்ம பெஞ்சு" என்று காட்டுகிறாராம். காட்டட்டும். என் தங்கை செய்தது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இதில் எனக்கு வெட்கம் கிடையாது.

போன மாதம் என் மூட்டுவலிக்கு அங்கேயே போனோம். நான் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தேன். டேப்பு வழக்கம்போல எதிர்மூலையில் நின்று நோட்டைத் திறந்தாள். எனக்கு முன்னால் இருந்த அம்மாள், மடியில் மருந்துப் பையோடு, அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஊருக்குப் புதுசா? இங்க நிக்க வேணாம். வந்து உக்காரு. ஒருத்தர் உள்ள போனா நாம எல்லாரும் ஒரு எடம் நகருவோம். யாரும் முந்த முடியாது. கதவு இங்கேருந்தே தெரியும் பாரு."

"இவதாங்க இந்த..." என்று நான் ஆரம்பித்தேன். அதற்குள் பக்கத்தில் வந்துவிட்ட டேப்பு என் தோளில் நறுக்கென்று கிள்ளினாள்.

"அப்படிங்களா?" என்றாள் அந்த அம்மாளிடம், முதல்முறை கேட்கிறவள்போல. நோட்டில் ஒன்றும் எழுதாமல் மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, எனக்கு அடுத்தபடி உட்கார்ந்தாள்.

கதவு திறந்தது. ஒருவர் உள்ளே போனார். அந்த அம்மாள் நகர்ந்தார், நான் நகர்ந்தேன், அவளும் நகர்ந்தாள். பிறகு, புதிதாக வந்து சுவரோரம் தயங்கி நின்ற ஒருவரைத் திரும்பிப் பார்த்து, தன் பக்கத்து மரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள்.