என்னைக் கண்டு பயந்த பட்டணம்

ஏலக்காய் விற்கிறவளுக்கு ஒரு சங்கடம் உண்டு: ஆள் படியேறும் முன்பே வாசம் போய்க் கதவைத் தட்டிவிடும். பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்லப்போவதெல்லாம் உங்களுக்கும் நடந்ததுதான். சிரித்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் இருபது வருசம் காய் பொறுக்கினேன். பருங்காய் ஒரு பக்கம், வெடித்த காய் ஒரு பக்கம். எட்டாவது வரை படித்தவளுக்கு அது நல்ல வேலைதான். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனது. அவர்களுடைய அத்தா, என் வீட்டுக்காரரும் காலமானார். அதற்கப்புறம் மாதம் ஒரு தடவை நல்ல காயாகப் பார்த்து வாங்கி, சென்னைக்குக் கொண்டுபோய் விற்க ஆரம்பித்தேன். என் மகன் அஸ்லம் அங்கேதான் இருக்கிறான். அம்மா தனியாக அலைவது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒரு தாளில் எழுதியே கொடுத்துவிட்டான்: ஆட்டோக்காரரை நம்பாதே. தெரியாதவர் கொடுப்பதை வாயில் வைக்காதே. பையை யார் கையிலும் கொடுக்காதே. கீழே கோடு போட்டு ஒரு வரி: "ஒரு தடவை ஏதாவது ஆச்சுன்னா, அன்னைக்கோட யாவாரம் நிறுத்தம். எங்கூட வந்து சும்மா இருக்கணும்."

சரி என்று தலையாட்டினேன். ஐந்து வேளைத் தொழுகையிலும் 'ஏதாவது ஆகாமப் பாத்துக்கோ ரப்பே' என்று கேட்டுக்கொண்டேன். மகன் வீட்டு சோபாவில் சும்மா உட்கார்ந்திருக்கிற உத்தியோகத்துக்கு என் படிப்பு பத்தாது.

மடி

போடியிலிருந்து மலையேறும் குரங்கணி ஜீப்பில் போனவர்களுக்குத் தெரியும், உள்ளே உட்கார்ந்தவருக்கு மடி சொந்தமில்லை. நிற்கிறவரின் பை, கோழி, சில சமயம் கைக்குழந்தை, எல்லாம் அதில்தான் வந்து விழும். கேட்டுக் கொடுக்கிற வழக்கமும் இல்லை, கொடுத்தது யாரென்று பார்க்கிற வழக்கமும் இல்லை. இறங்கும்போது "எம் பையைக் கொண்டா" என்றால் வந்துவிடும்.

மெட்ரோ ரயிலில் முதல்முறை நின்றபோது என் கை பழக்கதோஷத்தில் போய்விட்டது. காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்த ஒரு பெண்ணின் மடியில் பையை வைத்தேன். கம்பியைப் பிடித்து, பிஸ்மில்லாஹ் சொல்லி நின்றேன். அந்தப் பிள்ளை துள்ளி எழுந்த வேகத்தில் பை உருண்டது. பெட்டியில் பாதிப் பேர் கதவுப் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். முக்காடு போட்ட பொம்பளை, முடிச்சுப் போட்ட பை. அவர்கள் மனசில் என்ன ஓடியதென்று நான் சொல்ல வேண்டியதில்லை. குனிந்து முடிச்சை அவிழ்த்து, ஒரு கை காயை அள்ளிக் காட்டினேன். வாசம் பெட்டி முழுக்கப் பரவியது. ஒதுங்கியவர்களில் ஒரு பெரியவர் முதலில் மூச்சு விட்டார். அப்புறம் கேட்டார்:

"கிலோ என்ன விலைம்மா?"

வாசலில் ஒரு போட்டோ

நான் வாடிக்கையாகப் போகும் அடுக்குமாடி ஒன்று உண்டு. வாசலில் பேர், போன் நம்பர், எந்த வீடு என்று எழுதி, சுவரோரம் நிறுத்திப் போட்டோ எடுத்துத்தான் விடுவார்கள். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். என் கல்யாணத்துக்கே ரெண்டு போட்டோதான் எடுத்தார்கள்.

வாட்ச்மேன் நம்ம போடிக்குப் பக்கத்தில் தேவாரம் ஊர்க்காரர். "என்னையத் தெரியும்ல அண்ணே?" என்றேன். "தெரியாம என்ன ஆத்தா, போன மாசமும் நாந்தான எடுத்தேன்" என்றார். "பெறகு எதுக்கு?" என்று கேட்டதற்குக் கேமராவை நேராகப் பிடித்துக்கொண்டே சொன்னார்:

"எங்க சோளக்காட்டுக்குள்ள யானை பூந்தப்பக்கூட நாங்க பேரு கேக்கலை ஆத்தா. இங்க கேக்கலைன்னா என் சோலி போயிரும். முக்காட்டை லேசா ஏத்துங்க, மொகம் தெரியலை."

லிப்டில் ஒரு காய்

கடைக்கு யார் வந்தாலும் உள்ளங்கையில் ரெண்டு காய் வைப்பது எங்கள் பக்கத்து மரியாதை. அதே அடுக்குமாடி லிப்டில், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு குட்டிப்பெண் மூக்கை உறிஞ்சி, "ஏதோ பாயசம் வாசனை" என்றது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பெரிய காயாக ஒன்றை எடுத்து அதன் கையில் வைத்தேன். தாய்க்காரி அதைத் தட்டிவிட்டு, பையிலிருந்து ஏதோ மருந்துத் தண்ணீரை எடுத்துப் பிள்ளையின் கையைத் துடைத்தாள்.

தெரியாதவர் கொடுத்தால் தின்னக்கூடாது. நானும் என் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லி வளர்த்தேன். அந்தத் தெரியாதவர் ஒருநாள் நானாக இருப்பேன் என்றுதான் எனக்குத் தோன்றவே இல்லை. "இவங்க கெட்டவங்களாம்மா?" என்று பிள்ளை கேட்டது. நான் பக்கத்திலேயே நிற்கிறேன். தாய் ரொம்பப் பொறுமையாகச் சொன்னாள்:

"நமக்குத் தெரியாதுடா கண்ணு. அதனால அப்படித்தான் வச்சுக்கணும்."

ஆட்டோ நம்பர்

ஆட்டோவில் ஏறினால் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்பது அஸ்லம் சட்டம். எனக்குப் போனில் பேசத் தெரியும், போட்டோ எடுக்க வராது. வேறு வழியில்லாமல் டிரைவர் கையிலேயே போனைக் கொடுத்து, "தம்பி, ஒங்க வண்டி நம்பரைப் போட்டோ எடுத்து எம் மகனுக்கு அனுப்பிவிடுங்க. ஒங்களை நம்பக்கூடாதுன்னு சொல்லியிருக்கான்" என்றேன். அவர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் இறங்கிப் பின்னால் போய் ஒழுங்காக எடுத்து அனுப்பினார்.

"நான் திருடனா இருந்தா மொதல்ல இந்தப் போனத்தான் தூக்கினு போயிருப்பேன்மா. சிரி, உன்னையும் ஒண்ணு எடுத்து அனுப்புறேன், புள்ள சந்தோசப்படட்டும்."

கம்பிக் கதவு

ஒரு டீச்சரம்மா ரெண்டு வருசமாக என்னிடம் காய் வாங்குகிறார். முகம் பார்த்ததில்லை என்றே சொல்லலாம். கம்பிக் கதவின் இடுக்கில் கை மட்டும் வரும், போகும். ஒருநாள் போனால் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம். கதவுக்கு மேலே கதவு, பூட்டுக்கு மேலே பூட்டு. அதில் ஒன்று சிக்கிக்கொண்டு திறக்கவில்லை. பக்கத்து வீடுகளைத் தட்டினேன். ஓட்டைக்கண்ணில் என்னைப் பார்த்துவிட்டு ஒருவரும் திறக்கவில்லை. பாதுகாப்பாக இருந்தார்கள்.

வாட்ச்மேன் ஆசாரியைக் கூட்டிவரும் வரை வாசற்படியில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கதவைப் பெயர்த்ததும் டீச்சரம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அடுத்த மாதம் ஆசையாகப் போனேன். புதுக்கதவு, கூடுதலாக ஒரு பூட்டு, இடுக்கில் அதே கை.

"தப்பா நினைச்சுக்காதீங்க, பழக்கமாயிடுச்சு."

பாதித் தண்ணீர்

போன நோன்பு மாதம். பயணத்தில் நோன்பை விடலாம் என்று மார்க்கமே சலுகை தருகிறது. எனக்குத்தான் மனசு வரவில்லை. உச்சி வெயிலில் ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்றவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்து நினைவு வரும்போது பூ விற்கிற ஒரு அம்மாவின் மடியில் என் தலை இருந்தது. கன்னியம்மா என்று பேர், அப்புறம் தெரிந்துகொண்டேன். ஒரு பாட்டில் தண்ணீரை வாயருகே கொண்டுவந்தார். நோன்பு என்று சொல்ல நாக்கு புரளவில்லை, உதட்டை இறுக்கிக்கொண்டேன். மயக்க மருந்துக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. "ஒண்ணும் கலக்கலம்மா, இதோ பாரு" என்று பாதியை மடமடவென்று தானே குடித்துக் காட்டிவிட்டு, மீதியை நீட்டினார். அதற்கு மேல் எப்படி மூடிக்கொண்டிருக்க முடியும்? குடித்தேன். நோன்பை அப்புறம் பிடித்து ஈடுகட்டிக்கொள்ளலாம்.

ஒரு ஆட்டோவை நிறுத்தினார்கள். அதில் உட்கார்ந்திருந்த சவாரி தானே இறங்கி இடம் கொடுத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். என் போனில் கடைசியாகப் பேசிய நம்பருக்குக் கன்னியம்மா அடித்துச் சொல்ல, அஸ்லம் பதறிக்கொண்டு வந்தான். நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன், காது நன்றாகவே கேட்டது. அந்தத் தாளில் உள்ள எல்லாச் சட்டத்தையும் ஒரே மத்தியானத்தில் மீறியாயிற்று. இன்றோடு யாவாரம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"அவங்க எங்கம்மா. பையைக் குடுங்க" என்றான். "யாருப்பா நீ?" என்றார் கன்னியம்மா. "நாந்தான் மகன்." "மகன்னு மூஞ்சில எழுதிக்கீதா?" அடையாள அட்டையைக் காட்டினான். "எனக்குப் படிக்கத் தெரியாது" என்றார். ஆட்டோக்காரரும் கதவை மறித்துக்கொண்டு நின்றார். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், உடனே கண்ணைத் திறந்திருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரம் கேட்கலாம் என்று தோன்றிவிட்டது. கடைசியில் இமையை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். பூக்கூடை தரையில் கிடந்தது, பூ வாடிப்போயிருந்தது. கன்னியம்மா நாற்காலியில் உட்கார்ந்து, என் ஏலக்காய்ப் பையை ரெண்டு கையாலும் மடியில் அணைத்துப் பிடித்திருந்தார், குரங்கணி ஜீப்பில் பிடிக்கிற மாதிரியே.

"ஊரு கெட்டுக் கெடக்குது நைனா, யாரையும் நம்ப முடியாது. அம்மா கண்ண தொறந்து சொல்லட்டும், அப்பால பை."

முத்துப்பேச்சி சொன்னது

மறுநாள் காலையில் அஸ்லம் என் போனை வாங்கி, அவசரத்துக்குக் கூப்பிடும் நம்பரில் கன்னியம்மா பேரைப் போட்டான், தன் பேருக்கும் மேலே. "அடுத்த மாசம் அந்தம்மாவுக்கு நல்ல காயாக் கொண்டாங்கம்மா" என்று மட்டும் சொன்னான். நிறுத்தம் என்கிற பேச்சையே எடுக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

போடிக்கு வந்து, என்னோடு இருபது வருசம் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கிய முத்துப்பேச்சியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். முறத்திலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள். வெடித்த காய் ஒன்றைத் தள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஏக்கா, அவ்வளவு பெரிய பட்டணத்துல படிக்கத் தெரியாத ஒரு பூக்காரிதான் ஒன் மகன் எழுதுன சட்டத்தை ஒழுங்கா நடத்தியிருக்கா, அதுவும் அவன்கிட்டயே!"

இப்போதும் மாதம் ஒரு தடவை போய்த்தான் வருகிறேன். என்னிடமிருந்து பட்டணத்தைக் காப்பாற்ற வாசலுக்கு வாசல் கேமரா வைத்திருக்கிறார்கள், பட்டணத்திடமிருந்து என்னைக் காப்பாற்ற ஒரு பூக்காரியின் மடி போதுமாக இருக்கிறது.