எழுபது ராத்தல்

அக்கா விமானத்தில் போகப் போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு எரிந்தது, வேறென்ன! எங்கள் ஜோகுபாளையத்து வரிசை வீடுகளில் யாரும் விமானத்தின் நிழலைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. இவளுக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது?

அத்தைக்குப் பிள்ளை இல்லை. மாமா, மலைக்கு அந்தப் பக்கம் பஸ்கூட ஒழுங்காகப் போகாத கடலோர ஊரொன்றில் ஒரு துரைக்குச் சமையல்காரர். துரை தன் குட்டி விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு பெங்களூர் வந்து போவார். அந்த முறை மாமாவும் கூட வந்திருந்தார். திரும்பும்போது அக்காவை அழைத்துப்போய் அங்கேயே படிக்க வைப்பதாகப் பேச்சு. ஆளும் பெட்டியுமாக எழுபது ராத்தலுக்குள் இருக்க வேண்டுமாம்.

"ஜாஸ்தியானா தொரை ஏத்தவே மாட்டாரு" என்றார் மாமா.

எனக்கு அது போதாதா? நான் அக்காவைவிட ஒல்லி. அவள் ஏறாவிட்டால் அந்த இடம் எனக்குத்தானே!

கிளம்புகிற அன்று காலை அவள் குளிக்கப் போன நேரம், அம்மிக் குழவியைத் தூக்கி அவளுடைய பாவாடைகளுக்கு அடியில் படுக்க வைத்தேன். சட்னி அரைக்கப் போன அம்மா, அம்மியருகே சற்று நின்றாள். பிறகு ஒன்றும் கேட்காமல் வந்து இட்லிக்குப் பொடியை வைத்தாள். என் நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டேன்.

தொம்மலூர் தாண்டி, விமான நிலையத்தில், மூட்டை நிறுக்கும் தராசில் அக்காவைப் பெட்டியோடு நிற்க வைத்தார்கள். எண்பது! துரை தலையை ஆட்டினார். எனக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது. மாமா விடுகிற ஆளா? பெட்டியைத் திறந்துவிட்டார்.

"இன்னா கண்றாவி இது! கொழவிய யாரு வெச்சது?" என்று அப்பா கத்தினார்.

அம்மா என்னை ஒரு முறை பார்த்தாள். "நான்தான் வெச்சேன்" என்றாள்.

அப்பா வாய்க்கு வந்தபடி திட்டினார். அம்மா குழவியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். தராசு அறுபத்தெட்டு காட்டியது. அக்கா ஏறிப் போய்விட்டாள். நான் அழுத அழுகையைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு அப்பா எனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. இறங்கும்போது கடல் ஒருபக்கமாகச் சாய்ந்ததாம். புல்வெளியில் மேய்ந்த மாடுகளை விரட்டிய பிறகுதான் விமானம் தரையைத் தொட்டதாம். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் ஓடி வந்து அவள் கையைத் தொட்டுப் பார்த்தார்களாம். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசி வரியில், "என்னை எப்போது திரும்பக் கூட்டிப் போவீர்கள்?" என்று கேட்டிருந்தாள். அதற்குள் இன்னொரு தடவை பறக்க வேண்டுமா, என்ன பேராசை என்று பொருமினேன்.

அவள் திரும்பி வரவேயில்லை. அத்தைக்கே மகளாகி, கல்யாணமும் அங்கேயே ஆயிற்று.

என்னை அடியிலிருந்து காப்பாற்றத்தான் அம்மா பொய் சொன்னாள் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். அன்று காலை அந்தப் பெட்டியை ஜட்காவில் தூக்கி வைத்தவளே அம்மாதான். இரண்டே பாவாடை இருக்கிற பெட்டி எவ்வளவு கனக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?