மங்கு

துஷ்யந்தியின் முகத்தில் மங்கு விழுந்தது இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகுதான். முதலில் இடது கன்னத்தில் சாயத் தண்ணீர் பட்டுக் காய்ந்ததுபோல ஒரு சின்னக் கறை. அப்போது அவள் கரவனெல்லப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். மர நிழல் இருந்தவரை அது பெரிதாகவில்லை. பிறகு கிழட்டு மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுக் கன்று நட்ட மலைக்கு அவளைப் புல் வெட்ட மாற்றினார்கள். ஒதுங்க ஒரு மரமில்லாத மலை. கறை இரண்டு கன்னங்களிலும் படர்ந்து, மூக்கைத் தாண்டி, மேலுதட்டுக்கும் வந்தது.

நாற்பதை எட்டுவதற்குள் அவளைப் பார்த்தவர்கள் ஐம்பது என்றார்கள். ஒருநாள் பஸ்ஸில் ஒரு சிங்களப் பெண் எழுந்து, "வாடிவென்ன அம்மே", உட்காருங்கள் அம்மா, என்று இடம் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கும் ஏறக்குறைய இவள் வயதுதான் இருக்கும். உட்காராமலும் இருக்க முடியவில்லை. உட்கார்ந்து, இறங்கும்வரை ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கூட வேலை செய்த ஒருத்தி, பெயர் ஒன்றும் ஒட்டாத வெள்ளை டப்பாவில் ஒரு கிறீம் கொடுத்தாள். பூசிய கொஞ்ச நாளில் முகம் வெளுத்தது. டப்பா தீர்ந்ததும் மங்கு முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பி வந்தது. வெயில் பட்டாலே தோல் சிவந்து எரிந்தது. புருஷன் சதீஸ், "எனக்கு ஒன்னும் வித்தியாசமாத் தெரியலயே" என்றான். அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். இந்த மனுஷன் என் முகத்தையே பார்ப்பதில்லை என்று அவளுக்குப் பட்டது.

சதீஸின் சித்தப்பா மகள் தனுஜா டவுனில் சலூன் வைத்திருந்தாள். இவர்கள் குடியிருக்கும் அதே லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, கொழும்பில் ஒரு சலூனில் தலைமுடி கூட்டுவதிலிருந்து தொடங்கி, இப்போது சொந்தமாகக் கண்ணாடிக் கதவு போட்ட கடை. தோட்டமே அவளைப் பெருமையாகப் பேசும்.

"கிறீமெல்லாம் மேலோட நிக்கிற சாமான் அண்ணி. நான் ஒரு மருந்து எடுப்பிச்சிருக்கேன். பழைய தோல் உரிஞ்சு, உள்ள இருந்து புதுத் தோல் வரும். கொழும்புல பெரிய ஆளுங்க எல்லாம் செய்றாங்க" என்றாள் தனுஜா.

துஷ்யந்தி போன அன்று சலூனில் அபீபாவும் அவள் மகள் இஸ்ராவும் உட்கார்ந்திருந்தார்கள். அபீபா டவுனில் துணிக்கடை வைத்திருப்பவள். தோட்டத்துச் சனத்துக்கெல்லாம் பழக்கமானவள். இஸ்ராவுக்கு அடுத்த வாரம் கல்யாணம். கன்னத்தில் பரு வந்து போன குழிகள் இருந்தன.

"நாளைக்குக் காலையில மகளுக்குச் செஞ்சிருவோம். கல்யாணத்துக்குள்ள முகம் கண்ணாடி மாதிரி ஆயிரும்" என்று தனுஜா சொல்ல, இருவரும் சந்தோஷமாக எழுந்து போனார்கள்.

துஷ்யந்தி நாற்காலியில் சாய்ந்தாள். தனுஜா ஒரு சிறிய புட்டியிலிருந்து பஞ்சில் நனைத்து, நெற்றியிலிருந்து தாடைவரை பூசினாள். புளித்த வாடை மூக்கில் ஏறியது. பேக்டரியில் ரப்பர்ப் பால் உறைய ஊற்றும் அசிட் அவளுக்கு நினைவு வந்தது.

"எரியுது தனுஜா."

"கொஞ்சம் எரியும் அண்ணி. எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

பொறுத்துப் பார்த்தாள். எரிச்சல் குறையவில்லை, தோலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தாள். கன்னம் இரண்டும் உப்புப் படிந்ததுபோல வெள்ளை வெளேரென்று இருந்தன. தனுஜாவின் முகம் அதைவிட வெளுத்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் துஷ்யந்திக்குப் பயம் வந்தது. எழுந்துபோய், தலை கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்து முகத்தைக் கொடுத்தாள்.

"தண்ணி படக் கூடாது அண்ணி, இன்னும் நேரம் இருக்கு." தனுஜா அவள் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"கையை எடு."

தண்ணீருக்குள் மூச்சு முட்டியபோது தலையைத் தூக்கினாள், மறுபடி குனிந்தாள். வெகு நேரம் அப்படியே நின்றாள். நிமிர்ந்தபோது இடது கன்னத்தில் தோல் சுருண்டு வந்தது.

த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தனுஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "சலூன்னு சொல்லாதீங்க அண்ணி. கடையை மூடிருவாங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

துஷ்யந்தி டொக்டரிடம் பேக்டரியில் அசிட் தெறித்ததாகச் சொன்னாள். அந்தம்மா அவள் முகத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெறிச்சா இப்படி ஒரே சீராப் படாது. கண்ணைச் சுத்தி மட்டும் எப்படி விட்டுச்சு?" என்று சிங்களத்தில் கேட்டவர், "எத்த கியன்ன" என்றார். உண்மையைச் சொல் என்று. துஷ்யந்தி பேக்டரிக் கதையையே திரும்பவும் சொன்னாள். மருந்து வைத்துக் கட்டி வார்ட்டில் போட்டார்கள்.

சாயந்திரம் தனுஜா போனில் கூப்பிட்டாள். "சாமான் கொடுத்த ஆள்கிட்டக் கேட்டேன் அண்ணி. மருந்துல பிழை இல்லையாம். உங்க தோல்தான் கெட்டுப்போன தோலாம்."

"அப்ப இஸ்ராவுக்கு?"

"பாதி தண்ணி கலந்து போடுவேன். அவங்க கல்யாண வீடு. இப்ப வேணாம்னா ஏன்னு கேப்பாங்க."

போனை வைத்ததும், பார்க்க வந்திருந்த சதீஸிடம் சொன்னாள். அவன் கட்டிலோரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான். "நான் அவகிட்டப் பேசுறேன். நீ அபீபா அக்காகிட்டப் போகாத. குடும்பத்துக்குள்ள வச்சுக்குவோம். சித்தப்பா தாங்க மாட்டாரு."

"அந்தப் புள்ள முகம்?"

"தண்ணி கலந்து போடுறேன்னு சொல்றாளே."

விடிந்ததும் அவன் வார்ட்டுக்கு வந்து தனுஜாவுக்குக் கூப்பிட்டான். அவள் போனை எடுக்கவில்லை. அபீபாவின் நம்பர் துஷ்யந்தியிடம் இல்லை. டொக்டர் வருமுன் வெளியே போக ஏலாது என்று வார்ட்டு நர்ஸ் மிஸ் சொன்னார். மிஸ் பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பியபோது துஷ்யந்தி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். சதீஸ் பின்னால் வந்தான், தடுக்கவில்லை. த்ரீவீல்காரன் கண்ணாடியில் அவள் கட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஓட்டினான். பாலத்தடியில் லொறி ஒன்று குறுக்கே நின்றது. அது நகருமுன் அவள் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

சலூன் கதவைத் தள்ளியபோது அபீபா வாசல் நாற்காலியில் இருந்தாள். உள்ளே இஸ்ரா சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தனுஜாவின் கையில் பஞ்சு இருந்தது.

துஷ்யந்தி முகத்துக் கட்டைப் பிரித்தாள். கடைசிச் சுற்றுத் துணி காயத்தோடு ஒட்டியிருந்தது. அதையும் இழுத்தாள்.

அபீபா எழுந்து நின்றாள். "யா அல்லாஹ். என்ன இது துஷ்யந்தி?"

"நேத்து எனக்குப் போட்டது. அதே புட்டிதான். புள்ளையை எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க அக்கா."

இஸ்ரா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். பிறகு தன் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு எழுந்தாள். பஞ்சு இன்னும் அவள் மேல் படவில்லை.

தனுஜா புட்டியை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். துஷ்யந்தி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மூடி திறந்திருந்தது, ஒரு அசைவில் இருவர் மேலும் கொட்டியிருக்கும். சதீஸ் கதவடியில் உறைந்து நின்றான்.

"ஊத்தாத. டொக்டருக்கு என்ன சாமான்னு தெரியணும். தெரியாமதான் என் முகத்துக்கு மருந்து போட்டுக்கிட்டு இருக்காங்க."

"என் கடை போயிரும் அண்ணி."

"தெரியும். விடு."

தனுஜாவின் விரல்கள் மெதுவாகத் தளர்ந்தன. புட்டியை மூடி, கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு துஷ்யந்தி ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். நேற்றுச் சொன்னது பொய் என்று டொக்டரிடம் சொன்னாள். அந்தம்மா கோபிக்கவில்லை. வெள்ளை டப்பாக் கிறீமைப் பற்றியும் கேட்டார். அந்தக் கிறீம் தோலை ஏற்கெனவே மெலிய வைத்திருந்தது, அதன்மேல் இந்த அசிட் ஆழமாக இறங்கிவிட்டது என்றார். "இது தோல் டொக்டர் பக்கத்துல நின்னு போடுற மருந்து. அதுவும் இவ்வளவு பலமா இல்ல. கழுவினது நல்லது" என்றார்.

டொக்டர் எழுதி அனுப்ப, சுகாதாரப் பரிசோதகர் வந்து சலூனிலிருந்த புட்டிகளை எடுத்துப் போனார். வழக்கு வந்தது. கண்ணாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது. சதீஸின் சித்தப்பா குடும்பம் பேச்சை நிறுத்தியது. கோயில் திருவிழாவில் சித்தி அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய் நின்றாள். சதீஸும் சில நாள் முகம் கொடுக்காமல்தான் இருந்தான். ஆனால் கட்டு மாற்றும் நாட்களில் வேலைக்குப் போகாமல் அவளோடு வந்தான். மருந்தை அவனே தடவப் பழகினான்.

இஸ்ராவின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது.

வலது கன்னம் நன்றாக ஆறியது. இடது கன்னத்தில் தாடையோரம் மினுமினுப்பான தழும்பு ஒன்று நின்றுவிட்டது. மங்கு போகவில்லை, கிளினிக்கில் கொடுத்த மருந்துக்குக் கொஞ்சம் மங்கியிருக்கிறது. முற்றாகப் போகாது, வெயில் படாமல் மறைத்தால் அதிகமாகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கங்காணியிடம் கேட்டு அவள் திரும்பவும் நிழலுள்ள மலைக்குப் பால் வெட்டப் போகிறாள். லயத்தில் யாராவது டப்பாவோடு வந்து, "இதைப் பூசலாமா?" என்று கேட்டால், தழும்பைத் திருப்பிக் காட்டிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

போன மாதம் கிளினிக் நாள். கரவனெல்ல பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நடுவழியில் ஏறிய தனுஜா, சுற்றிலும் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடை மூடியபின் இருவரும் பேசியதில்லை. ஆஸ்பத்திரி நிறுத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு டொக்டர் என்ன சொல்லுவாங்க?" என்றாள் தனுஜா கடைசியில்.

"போனாத் தெரியும்."

"நானும் வரட்டா?"

துஷ்யந்தி பையை ஜன்னல் பக்கம் நகர்த்தி, அவள் இன்னும் ஒட்டி உட்கார இடம் விட்டாள்.